பிரித்த கம்பளி

தங்கையின் மேல் நீங்கள் கோபமாக இருப்பது தெரியும். அக்கா கண் வலிக்கப் பின்னிக் கொடுத்த பச்சை ஸ்வெட்டரை, அவள் தன் பஸ் டிரைவரின் மச்சானுக்குத் தூக்கிக் கொடுத்ததைப் போன வாரப் பகுதியில் படித்துவிட்டு, இவளெல்லாம் ஒரு தங்கையா என்று கேட்டவர்கள் உண்டு. கேளுங்கள். அவளும் தன்னை அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு ஆஸ்பத்திரித் துணிக் கிடங்கில் வேலை. கிழிந்த படுக்கை விரிப்புகளையும் நோயாளிகளின் அங்கிகளையும் தைத்துச் சரிசெய்ய வேண்டும். தங்கை தூரத்து ஊர்களுக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டர். அக்காவுக்கு ஒரே மகன். ஒரே மகனுக்குப் பெரியவன் என்று பெயர் வந்தது, சின்ன வயதில் யார் என்ன கேட்டாலும் "நான் பெரியவன்" என்று மார்தட்டியதால்.

பெரியவன் லிஃப்ட் மெக்கானிக். அந்த வேலைக்கான தேர்வுக்காக அவன் வெளியூரில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அவன் அப்பா படுத்த படுக்கையானார். தேர்வு முடிகிற வரைக்கும் அவனிடம் யாரும் மூச்சு விடக்கூடாது என்று அக்கா முடிவு செய்தாள். தேர்வும் முடிந்தது, அவரும் முடிந்துபோனார். நன்றாக எழுதிய சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தவன் பார்த்தது, சுவரோரம் சுருட்டி வைத்திருந்த அப்பாவின் மெத்தையைத்தான். பையைக்கூடக் கீழே வைக்காமல் திரும்பிப் போனான். அப்புறம் அந்த வாசலை அவன் மிதிக்கவில்லை.

அது முதல் குளிர்காலத்துக்குக் குளிர்காலம் அக்கா ஒரு ஸ்வெட்டர் பின்னுவாள். தங்கை அதைத் தன் பஸ்ஸில் கொண்டுபோய் அவன் இருக்கும் ஊரில் கொடுத்துவிட்டு வருவாள். முதல் வருஷத்துச் சாம்பல் நீலத்தை அவன் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டான். அடுத்த வருஷத்து அரக்கு நிறத்தை, எனக்குக் குளிரவில்லை என்று சொல்லிவிடுங்கள் சித்தி என்று திருப்பிக் கொடுத்தான். இந்த வருஷத்துப் பச்சையோடு போனபோது அறையே பூட்டிக் கிடந்தது. காலி செய்துகொண்டு போய்விட்டானாம். எங்கே என்று வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் ஊர் திரும்பித் தங்கை அக்காவிடம் சொன்னது ஒன்றுதான்: அளவு கச்சிதம், உடனே போட்டுக்கொண்டான்.

இப்போது பொய்க்குக் கெடு வந்துவிட்டது. அக்கா லீவு சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் தங்கையின் பஸ்ஸிலேயே ஏறி, மகனை நேரில் பார்க்கப் போகிறாள்.

அதனால்தான் இன்று. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் கைவேலைக் கடைத் தெருவில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, மாடியிலிருக்கும் தேநீர்க் கடையில் சாவகாசமாக உட்கார்ந்து டீ குடிப்பது அவர்கள் வழக்கம். டீ வந்ததும் சொல்லிவிடுவது என்று தங்கை மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் அக்காவுக்கு வயது பாதியாகிவிடும். நாளெல்லாம் வெள்ளைத் துணியைப் பார்த்து அலுத்த கண்ணாயிற்றே. பித்தான் கடையில் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிவதற்காக ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு பித்தானைத் தைத்து வைத்திருந்தார்கள். அக்கா அவற்றை விரலால் தடவிக்கொண்டே போனாள். மரப் பித்தான், கொம்புப் பித்தான், துணி சுற்றிய பித்தான் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்றாள். கடைக்காரர் சிரித்தார். அவருக்கு அக்காவையும் தெரியும், அந்த இன்னொரு நாளையும் தெரியும்.

தங்கை வாசலோடு நின்றுவிட்டாள். கண்டக்டர் புத்தி, கதவு இருக்கிற இடத்தில் கால் தானாக நின்றுவிடுகிறது. வழியை அடைத்து நின்ற இரண்டு பெண்களிடம், "உள்ளே நகருங்க, உள்ளே நகருங்க" என்றாள். அவர்களும் டிக்கெட் வாங்கியவர்கள் போல மறுபேச்சில்லாமல் நகர்ந்தார்கள். அக்கா திரும்பிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். இப்படிச் சிரித்துத் தங்கை பார்த்து வெகு காலமாகியிருந்தது. இன்றைக்குத்தானா அந்தச் சிரிப்பு வர வேண்டும்?

கோக்கிற மணி விற்கும் கடையில், ஒரே பொட்டலத்தில் இரண்டு விதமான மஞ்சள் மணி கலந்திருக்கிறது என்று அக்கா கண்டுபிடித்தாள். கடைக்காரப் பையன் இரண்டும் ஒன்றுதான் என்று சாதித்தான். அக்கா அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு குவியலாகப் பொறுக்கி வைத்துவிட்டுத்தான் எழுந்தாள். வாங்கினது ஒன்றுமில்லை, வேலை பார்த்ததுதான் மிச்சம். அதற்கப்புறம் பிரம்புக் கூடை, அதற்கப்புறம் அட்டைப் பெட்டி. எங்கே போனாலும் அவள் பேச்சு சுற்றிச் சுற்றி அடுத்த வாரத்தில் வந்து நின்றது. பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது, வழியில் எங்கே நிற்கும், அவனுடைய அறைக்கு மாடிப்படி உண்டா, முட்டி வலியோடு ஏற முடியுமா. தங்கை எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். காலியான அறைக்கு எத்தனை படி இருந்தால் என்ன?

அக்காவின் இன்றைய வேட்டை ஒரு தொப்பிக்கான கம்பளி. அந்தச் சாம்பல் நீல ஸ்வெட்டருக்குப் பொருத்தமாக, அதே நிறத்தில் ஒரு தொப்பி பின்னிக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். மற்ற இரண்டையும்விட அந்த நீலம்தான் அவன் நிறத்துக்கு எடுக்கும் என்பது அவள் முடிவு. அந்த நூலில் ஒரு துண்டை பர்ஸின் உள்பக்கம் ஊக்கில் குத்தி இத்தனை வருஷமாக வைத்திருந்தாள்.

வழக்கமான கம்பளிக் கடையில் அந்தத் துண்டை வைத்துப் பார்த்தார்கள். நீலம் இருந்தது, சாம்பல் நீலமும் இருந்தது, ஆனால் இது இல்லை. கடைக்காரம்மா கையை விரித்தாள். சாயம் காய்ச்சுகிற ஒவ்வொரு தடவையும் நிறம் ஒரு பிடி கூடும், ஒரு பிடி குறையும். அந்தத் தடவைக்கு அப்புறம் அந்த நிறம் வராது, அக்காவுக்குத் தெரியாததா என்றாள். பேச்சோடு பேச்சாக ஒரு கிண்டலும் செய்தாள்.

"இன்னும் அந்த ஆஸ்பத்திரி முடிச்சு போட்டுத்தான் பின்னுறீங்களா?"

"அது என் கூடவே போறதுதான்," என்றாள் அக்கா.

தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கேலி அது. ஆஸ்பத்திரித் துணி கொதிக்கிற தண்ணீரில் வேகும். சாதாரண முடிச்சு அதில் தாக்குப்பிடிக்காது. அதனால் அக்கா முடிச்சுப் போட்டு, அதன் மேல் வெள்ளைப் பருத்தி நூலைச் சுற்றி இறுக்கிவிடுவாள். வேலையில் பழகின கை, வீட்டில் கம்பளியில் நூலோடு நூல் சேர்க்கும்போதும் அதையே செய்தது. பின்னத் தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். கம்பளியை யாராவது முடிச்சுப் போட்டு, அதற்கு மேல் கட்டு வேறு கட்டுவார்களா? உலகத்தில் இதைச் செய்கிற ஆள் அக்கா ஒருத்திதான்.

தெருக் கோடியில் ஒரு கடை புதிதாக முளைத்திருந்தது. பழைய ஸ்வெட்டர்களை வாங்கிப் பிரித்து, நூலை அலசி, நீள வளையச் சிட்டமாகச் சுற்றி மறுபடி விற்கிற கடை. கூரையிலிருந்து ஈரச் சிட்டங்கள் தொங்கின. சுருக்கம் போவதற்காக ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பழைய பூட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள் கடைக்காரி. வாய் ஓயாமல் பேசுகிறவள். அவளிடம் அக்கா பர்ஸைத் திறந்து காட்டியதுதான் தாமதம், உள்ளே போய் இரண்டு சிட்டங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அக்கா துண்டை அதன் மேல் வைத்தாள். துண்டைக் காணவில்லை. அப்படி ஒன்றிப்போனது.

அக்கா சிட்டத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். நூலில் இன்னும் மிச்சமிருந்த நெளிவைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"யாரோ நல்லாப் பின்னியிருக்காங்க. நெளிவு எல்லாம் ஒரே சீரா இருக்கு பாரு," என்று தங்கையிடம் காட்டினாள்.

தங்கைக்குப் பின்னலைப் பற்றி ஒன்றும் தெரியாது. தலையாட்டி வைத்தாள். அவள் மனம் முழுக்க மாடிக் கடையில் இருந்தது.

இவ்வளவுதானா, இன்னும் இருக்கிறதா என்று அக்கா கேட்டாள். வந்தது அவ்வளவுதான் என்றாள் கடைக்காரி. ஒரு முழு ஸ்வெட்டருக்கு இது குறைச்சலாக இருக்கிறதே என்று அக்கா சிட்டங்களைக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அப்புறம், தொப்பிக்கு இது தாராளம், மற்றவர்கள் ஸ்வெட்டரின் அளவு நமக்கெதற்கு என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். நடுவில் கொஞ்சம் முடிச்சு இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரி சொன்னது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

"எனக்காகவே எடுத்து வச்ச மாதிரி இருக்குடி, குட்டி," என்றாள் வெளியே வந்ததும்.

தேநீர்க் கடைக்கு லிஃப்டில் போனார்கள். நெடுநாளாக இயங்காமல் கிடந்து, இப்போதுதான் மறுபடி ஓட ஆரம்பித்த லிஃப்ட் அது. முட்டி வலியோடு அக்கா இதுவரை படியில்தான் முனகிக்கொண்டே ஏறியிருக்கிறாள். மகன் லிஃப்ட் மெக்கானிக் ஆனதிலிருந்து அவளுக்கு எந்த லிஃப்டில் ஏறினாலும் ஒரு தோரணை வந்துவிடும். சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பாள், கதவு மூடுகிற விதத்தைப் பார்ப்பாள், பெரிய அதிகாரி மாதிரி உதட்டைப் பிதுக்குவாள். இன்று உதட்டைப் பிதுக்கவில்லை. ஆட்டமே இல்லை, பழுது பார்த்த ஆள் நல்ல வேலைக்காரன் என்று சான்றிதழ் கொடுத்தாள்.

மாடிக் கடையில் கூட்டமில்லை. ஜன்னலோரம் அவர்களுக்குப் பிடித்த மேசை காலியாக இருந்தது. பெரிய வெள்ளைக் கெண்டியில் டீயும் தட்டில் பிஸ்கட்டும் வந்தன. கோப்பையில் ஊற்றி ஒரு வாய் குடித்துவிட்டு, அக்கா சிட்டத்தை வெளியே எடுத்தாள். தங்கையை இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, சிட்டத்தை அவள் மணிக்கட்டுகளில் மாட்டி, நுனியைப் பிடித்து உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்தாள். சின்ன வயதிலிருந்தே தங்கைக்கு இந்த வேலைதான். விலங்கு மாட்டிய மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும், மூக்கு அரித்தால்கூடச் சொறிய முடியாது.

சொல்லிவிடலாம் என்று தங்கை வாயைத் திறந்தாள்.

"அக்கா, அடுத்த வாரம் வந்து..."

"அதைத்தான் நானும் யோசிச்சுட்டு இருக்கேன்," என்று அக்கா பிடித்துக்கொண்டாள். போனதும் என்ன பேசுவது என்று அவள் எல்லாம் தீர்மானித்து வைத்திருந்தாள். முதலில் ஒன்றும் பேசப் போவதில்லை. அவன் திட்டினால் திட்டட்டும். திட்டி முடித்த பிறகு, நீ தாங்க மாட்டாய் என்று உன் நல்லதுக்காகத்தான் மறைத்தேன், உன் படிப்பு கெட்டுவிடக் கூடாதென்று உன் அப்பாவும் சொன்னார் என்று சொல்லப் போகிறாள். மூன்று ஸ்வெட்டரையும் வாங்கிப் போட்டுக்கொண்ட பிள்ளை, இதையும் கேட்டுக்கொள்ளாமலா போய்விடுவான்? பேசிக்கொண்டே அவள் சுற்றினாள். தங்கையின் கைகள் நூல் போகிற பக்கமெல்லாம் இப்படியும் அப்படியும் சாய்ந்தன.

திடீரென்று நூல் நின்றது.

அக்காவின் விரல் நுனியில் ஒரு முடிச்சு. அதன் மேல் வெள்ளைப் பருத்தி நூல் சுற்றி இறுக்கியிருந்தது. அலசின அலசலில் அந்த வெள்ளை கொஞ்சம் பழுப்பேறியிருந்ததே தவிர, கட்டு இம்மிகூட நெகிழவில்லை.

அக்கா அதை விரலால் உருட்டிப் பார்த்தாள். மறுபடி சுற்றினாள், முன்னைவிட வேகமாக. சற்று நேரத்தில் இன்னொரு முடிச்சு வந்தது. அதிலும் வெள்ளை நூல்.

"இது நான் போட்டது," என்றாள்.

தங்கை அவசரமாகக் குறுக்கிட்டாள். ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிற வேறு யாராவது இருக்கலாம், உன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் இருப்பார்கள் என்று என்னென்னவோ உளறினாள். பொய் சொல்லிப் பழகின நாக்கு, உண்மையைச் சொல்ல வந்த நாளிலும் அதன் வழக்கத்தை விடவில்லை. அக்கா உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"அவனைக் கடைசியா எப்போ பார்த்தே?"

தங்கை சொன்னாள். முகத்தை மூடிக்கொள்ளக்கூட வழியில்லாமல் இரண்டு கையும் கம்பளியில் மாட்டியிருந்தன. அப்படியே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அரக்கு நிறம் திரும்பி வந்ததை, பச்சை டிரைவரின் மச்சானுக்குப் போனதை, பூட்டிக் கிடந்த அறையை. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. மூக்கைத் துடைக்க முடியவில்லை. அக்கா துடைத்துவிடவும் இல்லை.

"இந்த நீலம் மட்டும் பொய் இல்லக்கா. இதை அவன் என் கையாலதான் வாங்கினான்."

"வாங்கினான். அதான் தெரியுதே," என்றாள் அக்கா, மடியைப் பார்த்தபடி.

கெண்டியில் டீ ஆறிக்கொண்டிருந்தது. பரிமாறுகிறவர் வந்து இன்னும் ஏதாவது வேண்டுமா என்று கேட்டுவிட்டு, இரண்டு பேர் முகத்தையும் பார்த்துத் திரும்பிப் போனார்.

"ஏன்டி மறைச்சே?"

"நீ தாங்க மாட்டேன்னுதான்."

அக்கா மெல்லத் தலையை ஆட்டினாள். "நானும் இதையேதான் சொல்லலாம்னு இருந்தேன். அவன்கிட்ட."

தங்கையின் கைகள் சிட்டத்தோடு மேசை மேல் இறங்கின.

"நீ என் கூடப் பிறந்தவ. என் நல்லதுக்குத்தான் செஞ்சே. எல்லாம் எனக்குப் புரியுது," என்றாள் அக்கா. குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "புரிஞ்சும் உன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கலடி. இத்தனை நாள் என்னை முட்டாளாக்கி வச்சிருந்தியேன்னு இருக்கு. அவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்."

"நாளானா சரியாயிடும்க்கா."

"ஆகாது. இதுவரைக்கும் ஆகும்னு நினைச்சுட்டு இருந்தேன். இப்போ என்னை வச்சே தெரியுது, ஆகாது."

அடுத்த வாரப் பயணம் அந்த இடத்தில் முடிந்துபோனது. அதை யாரும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷமாக, நேரில் பார்த்து விளக்கிச் சொல்லிவிட்டால் போதும் என்று அக்கா பிடித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு பதில். அந்தப் பதிலை இப்போது அவளிடமே ஒருத்தி சொல்லிப் பார்த்தாயிற்று. அது எதையும் சரிசெய்யாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

தங்கையால் அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. சிட்டத்தைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு, இதோ வருகிறேன் என்று படியிறங்கி ஓடினாள். யார் இந்த ஸ்வெட்டரைக் கொண்டுவந்து போட்டது என்று கேட்காமல் அவளால் வீடு போக முடியாது. வேறு யாரோ கொண்டுவந்தார்கள், அவன் தொலைத்துவிட்டான், திருட்டுப் போயிற்று என்று எதையாவது கொண்டுபோய் அக்கா முன்னால் வைக்க வேண்டும் போலிருந்தது.

பழைய கம்பளிக் கடைக்காரி, கேட்டதும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாளாம். வாக்குக் கொடுத்ததைச் சொன்னதுமே மீதியும் தானாக வெளியே வந்துவிட்டது, அவள் வாய் அப்படிப்பட்டது.

கொண்டுவந்தவன் அந்த மாடிக் கடை லிஃப்டைச் சரிசெய்ய வந்த மெக்கானிக். போன வாரம்தான். கருவிப் பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து வைத்து, பிரித்துவிடுங்கள் என்றானாம். முடிச்செல்லாம் என்ன இப்படி இறுகிக் கிடக்கிறது, கத்தரித்துவிடட்டுமா என்று இவள் கேட்டிருக்கிறாள். கத்தரிக்காதீர்கள், அது எங்கள் அம்மா போட்டது, பிரியாது என்று சொல்லிவிட்டு, அந்த ஸ்டூலில் உட்கார்ந்து தானே பிரிக்க ஆரம்பித்தானாம். முன்பக்கம், பின்பக்கம், ஒரு கை எல்லாம் பிரித்தாயிற்று. கடைசிக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தானாம். அப்புறம் அதை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

"இதுக்கு விலை வேண்டாம்னுட்டாரு. இந்தத் தெருவுக்கு அவங்க அம்மா வருவாங்களாம். யாராவது கேட்டா நான்னு சொல்லிடாதீங்கன்னாரு."

அம்மா வருகிற தெரு என்று தெரிந்தே அவன் ஏன் இங்கே கொண்டுவந்து போட வேண்டும்? தங்கை அதைக் கேட்டாள். கடைக்காரி உதட்டைப் பிதுக்கினாள். அது அவளுக்கும் விளங்கவில்லையாம். மாசத்துக்கு ஒரு தடவை லிஃப்டைப் பார்க்க அவன்தான் வர வேண்டும் என்பது மட்டும் தெரியும். அடுத்த மாசமும் வருவான்.

"அவங்க இங்க வந்து எனக்காக நிக்கிறாங்கன்னு தெரிஞ்சா, இந்த வேலையையும் விட்டுட்டுப் போயிடுவேன்னு சொன்னாரும்மா. பாவமா இருந்துச்சு. நீங்களும் என்னை மாட்டி விட்டுடாதீங்க."

தங்கை படியேறி வந்தபோது அக்கா மீதி நூலை நாற்காலியிலிருந்து தானே சுற்றி முடித்திருந்தாள். உருண்டை மேசை மேல் இருந்தது. பிஸ்கட் வைத்தது வைத்தபடி இருந்தது. தங்கை மூச்சு வாங்க உட்கார்ந்து, அந்த ஒற்றைக் கையைப் பற்றிச் சொன்னாள். ஸ்டூலில் உட்கார்ந்து அவனே பிரித்ததை, முடிச்சைக் கத்தரிக்கவிடாததை, இந்தக் கட்டடத்து லிஃப்டைச் சரிசெய்தது அவன்தான் என்பதை. தன் வாழ்நாளில் அவள் இவ்வளவு உண்மையை ஒரே மூச்சில் சொன்னதில்லை.

அக்கா முழுக்கக் கேட்டாள்.

"நல்லாச் சொல்றே," என்றாள். "போன வருஷமும் இப்படித்தான் சொன்னே. அரக்கு கலர் அவனுக்கு எடுப்பா இருக்கு, கண்ணாடி முன்னால நின்னு பார்த்துக்கிட்டான்னு. நானும் ராத்திரியெல்லாம் அந்தக் கண்ணாடியை நினைச்சுட்டு இருந்தேன்."

"சத்தியமா இது நிஜம்க்கா. நூல் குறையுதுன்னு நீயேதானே கடையில சொன்னே?"

"நான் சொன்னதை வச்சுத்தான் நீ கை ஒண்ணு குறையுதுன்னு கதை கட்டியிருப்பே."

இருந்த ஒரே சாட்சியையும் தன் பழைய பொய்யே தின்றுவிட்டதே என்று தங்கைக்கு நெஞ்சு எரிந்தது. கடைக்காரியை வந்து கேட்டுப் பார் என்று அக்காவின் கையைப் பிடித்தாள். அக்கா கையை உருவிக்கொண்டாள்.

"வேண்டாம். நிஜம்னா இன்னும் மோசம். இந்தத் தெரு வரைக்கும் வந்தவனுக்கு வீட்டுக்கு வரத் தோணலைன்னுதானே அர்த்தம். நீ பொய் சொல்றேன்னே இருந்துட்டுப் போகட்டும்."

உருண்டையைப் பையில் போட்டு அவள் எழுந்தாள். பரிமாறுகிறவர் வந்து, டீ பிடிக்கவில்லையா என்று கவலையோடு விசாரித்தார். நன்றாக இருந்தது, எங்களுக்குத்தான் நேரமில்லை என்றாள் அக்கா. நாள் முழுக்க ஓய்வு எடுத்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள்.

தங்கை முன்னால் போய் லிஃப்ட் பித்தானை அழுத்தினாள். லிஃப்ட் மேலே வந்தது, கதவு சத்தமில்லாமல் திறந்தது. அக்கா வாசல் வரை வந்து நின்றாள். காலைத் தூக்கி வைக்கவில்லை. உள்ளே சுவரில் புதிதாகப் பூட்டியிருந்த திருகாணிகளையும், மூலையில் யாரோ துணியால் துடைத்தும் போகாத எண்ணெய்க் கறையையும் பார்த்துக்கொண்டே நின்றாள். கதவு தானாக மூட வந்தது. தங்கை கையை நீட்டித் தடுத்தாள்.

"நான் படியில வரேன்," என்றாள் அக்கா.

அப்போதுதான் தங்கைக்குத் தெரிந்தது, அக்கா அத்தனையையும் நம்பிவிட்டாள் என்று. லிஃப்டை விட்டுவிட்டு அவள் பின்னாலேயே போனாள். அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்து, வலிக்கிற காலை முதலில் வைத்து, மற்றக் காலை அதோடு சேர்த்து, ஒவ்வொரு படியாக இறங்கினாள். பையைக் கொடு என்று தங்கை கேட்டாள். அக்கா கொடுக்கவில்லை.

பாதி வழியில், படி திரும்புகிற இடத்தில் அக்கா மூச்சு வாங்க நின்றாள். சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"வேற ஏதாவது சொன்னாளா அந்தக் கடைக்காரி?"

அடுத்த மாசம் என்ற வார்த்தை தங்கையின் நாக்கு நுனிவரை வந்தது. கூடவே இன்னொன்றும் கண்ணுக்கு முன்னால் வந்தது. அக்கா விடியற்காலையிலேயே வந்து இந்த லிஃப்ட் வாசலில் தொப்பியோடு நிற்கிறாள். கருவிப் பையோடு தெருவில் வந்தவன் அவளைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போகிறான். அதையும் அக்கா தாங்க மாட்டாள்.

"இல்லக்கா," என்றாள் தங்கை.